ஆப்ப சோடாவும் எலுமிச்சையும்

என் மகள் தம்ளரிலிருந்த ஆப்ப சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்தாள். நுரை சீறியதும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை வீட்டில் அக்கா எனக்கு இதே சோதனையைத்தான் செய்து காட்டினாள். அப்பாவுக்கு அப்போது தங்கவயலில் தங்கம் பிரிக்கும் மில்லில், சயனைடு தொட்டியில் வேலை. சயனைடு வெள்ளை உப்பு; அதில் அமிலம் பட்டால் கிளம்பும் புகை ஆளைக் கொன்றுவிடும்.

அன்று லீவில் வந்த அப்பா வாசலிலேயே நின்றார். வெள்ளைப் பொடியையும் நுரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூச்சு இழுக்காதீங்க. வெளிய ஓடுங்க."

எங்களைச் சந்தில் தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாளித் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"அப்பா, அது ஆப்ப சோடாப்பா." அக்கா கதவைத் தட்டிக்கொண்டே அழுதாள். பதில் வரவில்லை. நானும் அழுதேன்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முகமெல்லாம் சிவந்து, இரைக்க இரைக்க நின்றார்.

"மூச்சப் புடிச்சினு எப்படிம்மா பதில் சொல்றது?"

"எதுக்குப்பா ஜன்னலத் தொறந்தீங்க?" என்று இப்போது என் மகள் கேட்டாள். நானும் பிடித்திருந்த மூச்சை விட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.