எட்டடி விளக்கமும் ஒரு ஹேர் டிரையரும்

மேடை அலங்காரத் தொழிலில் பாதி தெர்மாக்கோல் வெட்டுவது; மீதிப் பாதி, வெட்டியதில் பறந்த மணிகளைத் துரத்துவது. மீசையிலிருந்தும் சோற்றிலிருந்தும் அவற்றைப் பொறுக்கி எடுத்த சக பாவிகளே, இது உங்களுக்கு.

பன்னிரண்டு ஆண்டுகள் டுட்டோரியலில் இயற்பியல் நடத்திவிட்டுக் கருங்கலில் அலங்காரக் கடை திறந்தவன் நான். முதல் பெரிய மேடை சொதப்பினால் மறுபடியும் சாக்பீஸ் பிடிப்பேன் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அருமனை ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவர் மகளின் கல்யாண வரவேற்புதான் அந்த முதல் மேடை. மாப்பிள்ளைக்கு ஊர் முட்டம், கலங்கரை விளக்கத்துக்குப் பேர்போன கடற்கரை. ஆகவே எட்டடியில் ஒரு கலங்கரை விளக்கம் வேண்டுமாம்.

பழம்பொரியில் பனி

முதல் நாள் பிளேடால் அறுத்தேன். தெர்மாக்கோல் முதலில் கீச்சிட்டது, பிறகு உதிர்ந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. மணிகள் கூட்டமாகக் கிளம்பிப் பக்கத்து டீக்கடைக்குக் குடிபோயின. மன்னிப்புக் கேட்கப் போனேன். கடைக்காரர் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்றை ஊதியபடியே சொன்னார்: “சாரே, தேங்காப்பூவுன்னு நெனச்சி ஒருத்தரு கூடக் கொஞ்சம் போடச் சொன்னாரு.”

மச்சான் தந்த கம்பி

இனி பிளேடு வேண்டாம், சூட்டுக் கம்பிதான் என்று தீர்மானித்தேன். மின்சாரம் பாய்ந்தால் சூடேறும், ஆனால் எளிதில் அறாத கம்பிக்கு நிக்ரோம் என்று பெயர். மின் அடுப்பிலும் ஹேர் டிரையரிலும் அது இருக்கும். எங்கள் வீட்டில் மின் அடுப்பு இல்லை.

ஹேர் டிரையர், ஸ்டெல்லாவின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. திருகாணிகளைத் தட்டில் அளவு வாரியாக அடுக்கி வைத்துத்தான் பிரித்தேன். அந்த ஒழுங்கை அவள் பாராட்டவில்லை. “அண்ணன் அடுத்த மாசம் வாறான். முடி ஒணங்கிச்சான்னு கேட்டா, கலங்கரை விளக்கம் ஒணங்கிச்சின்னு சொல்லட்டா?” என்றாள்.

இது எத்தனையாவது மாசம்?

மரச்சட்டத்தில் வில் செய்து, கம்பியை இழுத்துக் கட்டி, பழைய பைக் பேட்டரியோடு இணைத்தேன். ஓம் விதிப்படி கணக்குப் போட்டுக் கம்பியின் நீளத்தைத் தசம சுத்தமாக வெட்டியிருந்தேன். சூடேறும்வரை அது வீணைத் தந்திபோல் விறைப்பாக நின்றது. சூடேறியதும் துணிக்கொடியாகத் தொய்ந்தது. விளக்கத்தின் இரு பக்கமும் நேராக வராமல் நடுவில் புடைத்துக்கொண்டன. பேட்டரியை மாற்றினேன், மறுபடி கணக்குப் போட்டேன். கணக்கு சரி, புடைப்பும் அப்படியே.

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டக்காரர் பார்க்க வந்தார். நாளை மத்தியானம் வரவேற்பு. விளக்கத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேடையில் இது நேராக நிற்காவிட்டால் சின்ன மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி விளக்கத்தின் புடைப்பைக் காட்டினார். “ஆமா, இவளுக்கு இது எத்தனையாவது மாசம், சாரே?”

பெஞ்சு

அவரோடு வந்திருந்த ரெத்தினம் கிளம்பாமல் நின்றார். அவர் தோட்டத்தில் மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், என் பழைய மாணவர். கம்பி தொய்வதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். ரப்பர் மரத்தில் பால் வடியும் சிரட்டையைத் தாங்கும் கம்பியை இழுத்துப் பிடிப்பது அதுதான். மரம் பருக்கப் பருக்க விரிந்துகொடுக்கும். அதை என் கம்பியின் ஒரு முனையில் மாட்டினார். கம்பி சூடேறி நீண்டது, நீண்டதை ஸ்பிரிங் இழுத்துக்கொண்டது. வில், அவித்த மரச்சீனிக்கிழங்கில் நூல் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு மணிகூட உதிரவில்லை! நான் கடைக்குள்ளேயே துள்ளிக் குதித்தேன். ரெத்தினம் குதிக்கவில்லை. “சூடானா கம்பி நீளும்னு எழுதாததுக்குத்தானே சார், அன்னிக்கு என்னைய பெஞ்சு மேல ஏத்தினீங்க?”

கக்கத்தில் ஒரு விளக்கம்

சனிக்கிழமை, முட்டத்தில் கடலைப் பார்த்த மண்டபம். இரவோடிரவாக மறுபடி வெட்டிய விளக்கம் மேடையில் அளவுகோல்போல் நின்றது. மணமக்கள் ஏறினார்கள். புழுக்கம் தாங்காமல் யாரோ கடல்பக்கக் கதவைத் திறந்தார்கள். காற்று நேராக மேடைக்கு வந்தது. எட்டடி விளக்கம் ஒரு நாற்காலி அளவுகூடக் கனமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எழும்பியது. என் கண்ணுக்குள் சாக்பீஸ் பறந்தது.

பாய்மரம் பிடித்துப் பழகிய மாப்பிள்ளை எட்டிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறு கையில் பெண். கூட்டம் இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்து விசிலடித்தது, அத்தனை போட்டோவும் அப்படியே எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தோட்டக்காரர் என்னை நோக்கி வந்தார். தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கேயும் வந்துவிட்டார். “சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான் சாரே, ஆனா அன்னிக்கு அடியில ஒரு கல்லு வச்சிக் கெட்டிருங்க.”

ஓம் விதி, வெப்ப விரிவு, எடை என்ற மூன்று பாடங்களில் நான் தேறியது முதலாவதில் மட்டும்தான், அதுவும் மச்சானின் ஹேர் டிரையர் உபயத்தில்.