இசக்கிசெல்வி சொன்ன மரம்

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் ஒரு வழக்கம் உண்டு. கீழேயிருந்து யாராவது குரல் கொடுத்தால் மாடிக்காரர்கள் இறங்கி வரமாட்டார்கள். பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவார்கள். பேப்பரும் கறிவேப்பிலையும் பூவும் அதில் ஏறிப் போகும். தாராவியிலிருந்து விடியற்காலையில் பூப்பையைத் தூக்கிக்கொண்டு வரும் இசக்கிசெல்விக்கு இப்படி முப்பத்திரண்டு கூடைகள். ஒவ்வொன்றும் இறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பதினெட்டு வருஷம் அண்ணாந்து நின்றால் கழுத்து வலி வரும், இல்லாவிட்டால் பறவைகள் கண்ணில் படும். அவளுக்கு இரண்டும் வந்தது.

முதலில் அவளுக்கு அவை வாடிக்கைக்காரர்கள் மாதிரிதான். ஆறாம் நம்பர் கட்டடத்து ஏ.சி. பெட்டியில் ஒரு வண்ணாத்திக்குருவி, பால்காரனுக்கு முன்னால் பாடத் தொடங்கிவிடும். சந்துமுனை அரசமரத்தில் டொக் டொக் என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் குக்குறுவான். ஒரு நாள் ஒன்று வரவில்லையென்றால் அவளுக்கு என்னவோபோல் இருக்கும். வீட்டில் சொன்னால் அவள் புருஷன் நம்பிராஜன் சிரிப்பான். "ஏட்டி, நீ பூ குடுக்கப் போறியா, குருவிக்கு ஹாஜரி எடுக்கப் போறியா?" என்பான். அவளுக்குக் கோபம் வராது. வந்தது வராதது பார்த்து ஹாஜரி எடுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் மாடி பிரேமலதா டீச்சர்தான் அவளைப் பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். எல்லாம் இங்கிலீஷில் ஓடும் குழு. இசக்கிசெல்விக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் அவள் குரலில் பேசி அனுப்புவாள். "அஞ்சு அம்பது. மாங்குயில் ஒண்ணு, மஞ்சப் பட்டு உடுத்த மாதிரி வந்துட்டுப் போச்சு. காக்கா வெரட்டுச்சு. ஆனா பயப்படல." முப்பது நாற்பது பேர் காலைக் காப்பியோடு இதைக் கேட்டார்கள். தன் பேச்சைப் படித்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பெருமைதான் போன வருஷம் வினை வைத்தது. ஒரு பொந்தில் சின்ன ஆந்தை ஜோடி முட்டையிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எந்தத் தெரு, எந்த மரம், எத்தனையாவது கிளை என்று அச்சுப் பிசகாமல் சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்றாம் மாடி சுப்ரமணியன் சார் அதைக் கேட்டு மகிழ்ந்து, தெரிந்த கேமராக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். மூன்றே நாளில் மரத்தடியில் திருவிழாக் கூட்டம். ஒருவன் ஏணி போட்டான், ஒருவன் பொந்துக்குள்ளேயே ஃப்ளாஷ் அடித்தான். நாலாம் நாள் ஆந்தைகள் இல்லை. முட்டையைக் காக்கை எடுத்துக்கொண்டு போனதை இசக்கிசெல்வி கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு எட்டுக் கூடைக்குப் பூ மாற்றி வைத்தாள். அதற்கப்புறம் கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் யாரும் சொல்லக்கூடாது என்று விதி போட்டார்கள். அவளுக்கு விதியே வேண்டியிருக்கவில்லை. செத்தாலும் சொல்வதில்லை என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்.

இந்த வருஷம் மார்ச்சில் வந்தது இருவாட்சி. சாம்பல் நிறம், மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்ததுபோல் ஒரு கொம்பு. அவள் அதற்குக் கொம்பன் என்று பேர் வைத்தாள். அது குடியேறிய தூங்குமூஞ்சி மரம் எந்தச் சந்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. பெண் பறவை பட்டுப்போன கிளையின் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டுவிடும். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சு பெரிதாகும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் கொம்பன்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டவேண்டும். கீழே ஆள் கூடினால் அவன் கிட்டே வரமாட்டான். அவன் வராவிட்டால் உள்ளே தாயும் பிள்ளையும் பட்டினி.

இதையெல்லாம் பிரேமலதா டீச்சர் விளக்கியதும் இசக்கிசெல்வி வாயைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒரு நாள் ஆசையை அடக்க முடியாமல் குரலில் உளறிவிட்டாள். "கொம்பன் வாயில ஆலம்பழத்த வச்சிக்கிட்டுப் பறக்கான்." பழத்தை அங்கேயே தின்னாமல் தூக்கிக்கொண்டு போகிற பறவைக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியாதா? குழுவில் எல்லோரும் விதிக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி இருந்தார்கள், சுப்ரமணியன் சாரைத் தவிர. மறுநாள் காலை கூடையோடு அவர் கேள்வியும் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியது.

"செல்வி! கூடு எங்கேம்மா?"

வாடிக்கைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. பதினெட்டு வருஷமாக ஒரு நாள்கூட, பூ வாடியிருக்கிறது என்று முகம் சுளிக்காத மனிதர் வேறு. ஆனால் ஆந்தையைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ரயில்வே சுவரு ஓரத்துல நிக்கிற பெரிய தூங்குமூஞ்சி, சார்."

அங்கே காக்கைக் கூடு தவிர எதுவும் கிடையாது.

அன்றைக்கே அவர் மடக்கு நாற்காலியும் கேமராவுமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மே மாத வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். எட்டு நாள் உட்கார்ந்தார். தினமும் காலையில் கூடையை இறக்கிக்கொண்டே கணக்குச் சொல்வார். "இன்னிக்கும் வரலை செல்வி. மத்தியானம் வரும்போலிருக்கு." அவள் முதல் இரண்டு நாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஐந்தாம் நாள் சிரிப்பு வரவில்லை. எழுபது வயசு மனிதர், தலையில் நனைந்த துண்டு. அவள் அவருக்கு ஒரு முழம் மல்லிகை கூடுதலாக வைத்தாள். பாவத்துக்கு வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவர் பால்கனியில் நின்றுகொண்டு முகமெல்லாம் பல்லாகக் கத்தினார்.

"செல்வி! மரத்தைக் காப்பாத்திட்டேன்!"

மழைக்கு முன்னால் மாநகராட்சிக்காரர்கள் மரம் வெட்ட வருவார்கள், காய்ந்த கிளைகளை எல்லாம் கழிப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு அவர் தோட்டத்துறை அதிகாரியிடம் நாலு நடை நடந்து கடிதம் வாங்கியிருக்கிறார். ரயில்வே சுவர் மரத்துக்கு மஞ்சள் ரிப்பன் கட்டியாயிற்று. அதை யாரும் தொடமாட்டார்கள்.

"மத்த மரமெல்லாம் இன்னிக்கு எட்டு மணிக்கு வெட்ட ஆரம்பிக்கறா. நம்ம பறவை மட்டும் பத்திரம்!"

இசக்கிசெல்வி பூப்பையைக் கீழே வைத்தாள். கொம்பன் வீடு இருப்பது பட்டுப்போன கிளையில். வெட்டுகிறவன் முதலில் கை வைப்பது அதில்தான். அவள் சொன்ன பொய்க்குக் காவல் போட்டாகிவிட்டது, உண்மை ரம்பத்துக்குக் கீழே நிற்கிறது. மணி ஆறரை. மூன்று மாடிக்குக் கேட்கும்படி அதைக் கத்திச் சொல்லவும் முடியாது, தெருவே கேட்கும்.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்தக் கட்டடத்தின் படியேறினாள்.

கதவைத் திறந்த சுப்ரமணியன் சார் பனியனோடு நின்றார். கையில் இன்னும் கூடைக் கயிறு இருந்தது. "என்னம்மா, நீ மேலே வந்துட்டே?"

"சார், நான் பொய் சொல்லிட்டேன். கூடு அங்க இல்ல. நீங்க அந்த ஆந்தைய ஊருக்கெல்லாம் சொன்னியள்லா, அந்தக் கோவம். பயமும் இருந்துச்சு. இப்ப கூடு இருக்க காஞ்ச கிளையத்தான் வெட்டப்போறாவ. உள்ள அதும் புள்ளையும் இருக்கு. என்னை என்ன வேணா வையுங்க, ஆனா இப்ப வாங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "எட்டு நாள், செல்வி," என்றார். "எட்டு நாள் உக்காண்டிருந்தேன்."

"தெரியும் சார்."

"ஆந்தைக்கு நான்தான் காரணமா?"

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதிகாரியின் கடிதத்தோடு வந்தார். பழக்கதோஷத்தில் கேமராவும் கழுத்தில் தொங்கியது.

அவர்கள் போய்ச் சேரும்போது லாரி வந்து நின்றிருந்தது. ஏழு பேர், கயிறு, ரம்பம். சூப்பர்வைசர் மராட்டிக்காரர், பொறுமையாகக் கடிதத்தை வாசித்துவிட்டு இதில் இந்த மரம் இல்லையே என்றார். பிறகு மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "பக்ஷி கிதர் ஹை, மாவ்ஷி?" பறவை எங்கே என்றால் எதைக் காட்டுவது? மேலே தெரிந்தது காய்ந்த சேறு பூசிய ஒரு கீறல்தான்.

"காட்டுதேன்," என்றாள் இசக்கிசெல்வி தன் பம்பாய் இந்தியில். "ஆனா லாரிய ஆஃப் பண்ணணும். எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்காரணும். பேசக்கூடாது. இருபது நிமிஷம்."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இருபது நிமிஷம் உட்காரச் சொன்னால் வேண்டாம் என்கிற வேலைக்காரன் உண்டா? ஏழு பேரும் எதிர் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் போயிற்று. பதினெட்டு ஆயிற்று. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். இசக்கிசெல்வி தனக்குத் தெரிந்த எல்லா அம்மனையும் கூப்பிட்டாள்.

கொம்பன் ஒயரில் வந்து உட்கார்ந்தான். கழுத்தைச் சாய்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நோட்டம் பார்த்தான். பிறகு கிளைக்குத் தாவினான். கீறலுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு மூக்குநுனி மட்டும் வெளியே நீண்டது. அவன் ஒரு பழம் கொடுத்தான். தொண்டையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான். ரம்பக்காரர்களில் ஒருவர் மூச்சுக்குள் எண்ணினார், "பாஞ்ச்... சே... ஸாத்." ஏழாவது பழத்துக்கு அப்புறம் உள்ளேயிருந்து குஞ்சு கீச்சிட்டது. அது எல்லோருக்கும் கேட்டது.

சுப்ரமணியன் சாரின் கை கேமராவுக்குப் போயிருந்தது. எட்டு நாள் உட்கார்ந்த மனிதர், எதிரே கண்ணுக்கு நேராக அவர் கேட்ட படம். இசக்கிசெல்விக்கே மனசு கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுங்க, சார்."

"வேண்டாம்மா," என்று அவர் கையை எடுத்துவிட்டார். "எடுத்தா போடத் தோணும். போட்டா எங்கேன்னு கேப்பா. எனக்கு வாய் நிக்காது."

அப்புறம் அவர் அதிகாரிக்குப் போன் போட்டார். முப்பத்தைந்து வருஷம் ஆடிட் வேலையில் அடுத்தவர் தப்பையே கண்டுபிடித்துப் பழகியவர், இந்தியில் தெளிவாகச் சொன்னார்: தப்பு என்னுடையது, மரத்தை மாற்றி எழுதிவிட்டேன், வயசாகிவிட்டது, மன்னிக்கவேண்டும். பூக்காரி பேர் அவர் வாயில் வரவில்லை. இசக்கிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அந்த மனிதரை ஒரு வருஷமாக மனசுக்குள் வைதுகொண்டிருந்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி சம்மதித்தார். கிளையைக் குஞ்சு பறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். சூப்பர்வைசர் லாரியிலிருந்து மஞ்சள் ரிப்பனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அவள் ஓடிப்போய்த் தடுத்தாள். ரிப்பன் கட்டினால் இங்கேதான் என்று போர்டு எழுதி மாட்டினதுபோல் ஆகிவிடாதா? அவர் யோசித்தார், தலையாட்டினார், ரிப்பனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரயில்வே சுவர் மரத்தின் ரிப்பன் அவிழ்க்கப்படாமல் அங்கேயே இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலை. இசக்கிசெல்வி மூன்றாம் மாடிக் கூடைக்காக அண்ணாந்து நிற்கிறாள். குஞ்சின் சத்தம் இப்போது சந்துமுனைவரை கேட்கிறது, தாய் வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு மனசு நிறைந்திருக்கிறது. பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிறார், தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ். அவரும் மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறார். இருவாட்சிக் கூடு இந்தப் பக்கம் இருக்கிறதாமே, சாருக்குத்தான் தெரியும் என்றார்களே?

கயிறு பாதியில் நின்றது.

"ஓ, தெரியுமே!" என்றார் சுப்ரமணியன் சார் கணீரென்று. "ரயில்வே சுவர் ஓரத்துத் தூங்குமூஞ்சி. மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கும். ஒரு நாற்காலி எடுத்துண்டு போங்கோ. குறைஞ்சது எட்டு நாளாவது உக்காரணும்."

கூடை மெதுவாக இறங்கி அவள் முன்னால் வந்து நின்றது.