நீலமுடிக்காரியின் குரல்

உச்சி வெயிலில் சங்கு ஊதியதும் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அலமாரியில் இருக்கும் குடங்களைத் தரையில் இறக்கிவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் எல்லோரும் நிற்போம். முதலில் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறும். அதன் பிறகுதான் வெடிச் சத்தம் கேட்கும். அதற்கும் பிறகு உதட்டில் சுண்ணாம்புத் தூசி வந்து ஒட்டும். அரியலூரைச் சுற்றி சிமெண்டுக்காகக் கல் வெட்டும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை தெரியும். கல் வெட்டும் பள்ளத்துக்கு எங்கள் ஊரில் "மைன்ஸ்" என்று பெயர். என் அப்பா அங்கே சிவப்புக் கொடி பிடிப்பவர். வெடி வைப்பதற்கு முன் வண்டிப்பாதையில் போய் நின்று ஆடு மாடு மனிதர் யாரும் அந்தப் பக்கம் வராமல் மறிப்பதும், எல்லாம் முடிந்ததற்கான விசில் வந்த பிறகு வழி விடுவதும் அவர் வேலை.

அவர் கண்ணிமையெல்லாம் வெள்ளைத் தூசியோடு சைக்கிளில் சாப்பிட வருகிற நேரமும், டிவியில் எங்கள் ஜப்பான் கார்ட்டூன் ஓடுகிற நேரமும் ஒன்றாக அமைந்தது, நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடை விடுமுறையில்தான். தமிழில் குரல் கொடுத்துப் போட்ட தொடர் அது. நீல முடி வைத்த ஒரு பெண் பழைய படகொன்றில் தீவு தீவாக ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே, புயலில் தொலைந்துபோன தன் அண்ணனைத் தேடுவாள். கூடவே, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் குண்டான கிழட்டு மாலுமி ஒருவர். நானும் தம்பியும் சோற்றுத் தட்டை மறந்துவிட்டுப் பார்ப்போம்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எவ தலையிலயாவது நீலமா முடி மொளைக்குமா? கண்ணப் பாரு, தேங்கா மூடி கணக்கா! வாயி மட்டும் சும்மா தொறக்குது, மூடுது. இதப் போயி ஆன்னு பாத்துக்கிட்டு கெடக்குதுவ ரெண்டும்" என்று டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த நாட்களில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஜெயங்கொண்டம் வரை சைக்கிள் மிதித்துப் படம் பார்த்தவர், டிவியில் நல்ல படம் போட்டாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். செய்தி ஓடினால் "எல்லாம் புளுகுறானுவ" என்பார். கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். "திமிரு புடிச்ச மனுசன்" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் அதற்கும் சிரிப்பார்.

முதுகு காட்டியவர் எப்போது பக்கவாட்டில் திரும்பினார், எப்போது நேராக உட்கார்ந்தார் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிழட்டு மாலுமி ஒரு நாள் படகின் பின்பக்கம் ஒளிந்துகொண்டு, இரண்டு கண்ணிலும் குழாய் திறந்துவிட்டது போல் அழுதார். அப்பாவின் கையில் உருட்டிய சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அந்தப் படங்களில் கோபம் வந்தால் நெற்றியில் நரம்பு சிலுவை மாதிரி புடைக்கும், சங்கடப்பட்டால் தலையோரம் பெரிய வியர்வைத் துளி தொங்கும், வெட்கம் வந்தால் முகம் முழுக்கச் சிவந்துவிடும். யாரும் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள். அப்பா அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார். பிறகு நாங்கள் சேனலை மாற்றினால் அவருக்குக் கோபம் வந்தது. ஆண்டிமடத்திலிருந்து மாமா முந்திரிப்பழம் கொண்டுவந்திருந்த அன்று, மச்சானை "வாங்க" என்று அழைப்பதற்கு முன்னால் "வெலகுங்க, மறைக்குது" என்றார்.

சாயந்திரம் அன்றைய கதையை அம்மாவுக்குச் சொல்வார். அதுதான் வேடிக்கை. அவர் சொல்லும் கதையும் நாங்கள் பார்த்த கதையும் ஒன்றாகவே இருக்காது. கிழட்டு மாலுமிதான் அந்தப் பெண்ணின் அப்பாவாம், சண்டை போட்டுப் பிரிந்தவராம், சொல்ல வாய் வராமல் கூடவே சுற்றுகிறாராம். அண்ணன் என்று ஒருவன் அவர் கதையில் கிடையவே கிடையாது. "அப்பா ரீல் வுடுது" என்று தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மா மட்டும் சிரிக்காமல், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரை கேட்பாள்.

ஒரு நாள் கேபிளில் சத்தம் போய்விட்டது. படம் மட்டும் ஓடியது. தம்பி கேபிள்காரர் வீட்டுக்கு ஓடினான். அப்பா வந்தார், கை கழுவினார், நேராக உட்கார்ந்தார். சத்தமே இல்லாத வீட்டில், மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருக்க, அவர் வழக்கம்போலப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். நீலமுடிக்காரி ஒரு தீவில் இறங்கி அழுதபோது தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் "இன்னிக்கி நல்லாருந்துச்சு" என்று எழுந்து போனார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் சொல்வதற்கு முன் அவள் ஏன் எப்போதும் அவர் எதிரே வந்து நிற்கிறாள் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

"வெளில மூச்சு வுட்ராத பாப்பா" என்றாள். "வெடிச் சத்தத்துல காது கொஞ்சங் கொஞ்சமா போயிடுச்சு. தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிச்சுடுவானுவ. இந்த வேலைய வுட்டா அந்த மனுசனுக்கு வேற என்னா தெரியும்?"

அதன் பிறகு சங்கு ஊதும்போதெல்லாம் நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். விசில் கேட்காத ஒருவர், எதிர்ப்பக்கத்துக் கொடிக்காரரின் கை அசைவை மட்டும் பார்த்துக்கொண்டு வண்டிப்பாதையில் நிற்கிறார் என்பது அந்தத் தெருவில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். வெடித்து, தூசி அடங்கி, எல்லோரும் குடத்தை மேலே ஏற்றப் போன பிறகும் நாங்கள் இருவரும் மரத்தடியிலேயே நிற்போம். சைக்கிள் தலை தெரிந்தால்தான் உள்ளே போவோம். சைக்கிள் வராத நாளும் வந்தது. மருந்து வைத்த ஒரு குழி மட்டும் வெடிக்காமல் தாமதித்திருக்கிறது. இன்னும் வராதே என்று விசிலும் கத்தலுமாக எச்சரித்திருக்கிறார்கள். அது காதில் விழாத அப்பா, எல்லாம் முடிந்தது என்று கொடியைச் சுருட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். தெறித்த கல் பட்டு, தோளில் கட்டோடு வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் காது விஷயம் வெளியே வந்துவிட்டது, ஒப்பந்தக்காரர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே இருக்கும்படி ஆன பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் டிவியைப் போட்டார். அந்த நேரத்தில் வேறு ஏதோ கார் பந்தயக் கார்ட்டூன் ஓடியது. எங்கள் தொடரை முடிக்காமலே எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார்.

இப்போது அந்த மைன்ஸ் கைவிடப்பட்டு, பச்சைத் தண்ணீர் தேங்கிய ஏரியாகக் கிடக்கிறது. சங்கு இல்லை, குடத்தை இறக்கிவைக்கும் வேலையும் இல்லை. பெரம்பலூரில் வாங்கிக் கொடுத்த காது மிஷினை, "கீய்ங்குது" என்று அப்பா டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் தற்செயலாக அந்தத் தொடர் என் செல்போனில் அகப்பட்டது. ஜப்பான் மொழியில் முழுசாக இருக்கிறது. தமிழில் பேசியது எங்கும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், யாரும் எடுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். "அட, நம்ம நீலமுடிக்காரி!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழட்டு மாலுமியைக் காட்டி, "இந்தாளு இன்னும் சொல்லலியா அதுகிட்ட?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று திரும்பினார்.

"பாப்பா, இந்தப் புள்ள கொரலு உன் கொரலு மாதிரிதான இருக்கும்? நான் அப்பலேர்ந்து அப்டி நெனச்சிக்கிட்டுதான் பாக்கறது."

தமிழில் அவளுக்குப் பேசியவரின் குரல் என் குரல் போலவே இருக்காது, கொஞ்சம் கட்டையாக இருக்கும். "ஆமாம்ப்பா" என்றேன். என் குரல் மாறி எத்தனையோ வருஷமாகிறது, அது அவருக்குத் தெரியாது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால், தலையையும் நன்றாக ஆட்டினேன்.