காது டேப்பில் இல்லாத பொத்தான்

பேட்டரி இறங்கினால் அத்தாவின் குரல் இழுபடும். "நல்லா இருக்கீகளா" என்று அவர் கேட்பது, தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல நீண்டு தடித்து, ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒட்டிய இரண்டு குமிழ்களிலிருந்து கசியும். ஒரு குமிழ் அம்மா காதில், இன்னொன்று அக்கா காதில். நான் இருவர் கன்னத்துக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொள்வேன். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில், எங்கள் வீட்டில் அந்த வாக்மேனுக்குக் "காது டேப்" என்று பெயர். சவூதியில் வேலை பார்த்த அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, லீவில் வந்தபோது கொண்டுவந்தது. திரும்பிப் போனபின் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்.

அந்த முதல் டேப் முன்னால் மட்டும்தான் ஓடும். அத்தா சொன்னதை மறுபடி கேட்க வேண்டுமென்றால் கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். மறு வருஷம் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் வந்தபோது அத்தா வேறொன்று கொடுத்தனுப்பினார். அதில் பின்னால் ஓட்டலாம், ரேடியோவும் கேட்கலாம், ஆனால் நாம் பேசிப் பதிய வழியில்லை. "அடுத்து வாரதுல ரெக்கார்டிங்கும் இருக்காம், நான் வரும்போது வாங்கியாரேன்" என்று கேசட்டில் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். அக்கா பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே அவளிடம் கிடையாது. "பொம்பளப் பிள்ளையும் பருத்தியும் ஒண்ணு, வெடிச்ச பொறவு போட்டு வைக்கக் கூடாது" என்பார் பெரியத்தா, தான் கண்டுபிடித்த பழமொழியை ஊரே கேட்கட்டும் என்பதுபோல. அக்கா அழுதுகொண்டே அத்தாவுக்குக் கடிதம் எழுதினாள். பெரியத்தாவும் எழுதினார். அத்தா அண்ணனைத்தான் நம்பினார். "பிள்ள விளையாட்டுத்தனமா எழுதிருக்கு, பெரியத்தா சொல்றதக் கேட்டு நடங்க" என்று அடுத்த கேசட்டில் வந்தது.

"எழுத்துல என் அழுக தெரியாது. என் குரலக் கேட்டா நம்புவாக" என்றாள் அம்மா. அத்தா இருந்த இடத்தில் ஃபோன் கிடையாது. ராஜபாளையத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீடெல்லாம் பெரியத்தாவுக்கு வேண்டிய வீடு. ஆகவே யாருக்கும் சொல்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு, காது டேப்பைக் கூடைக்குள் வைத்து, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அங்கே தேரடிப் பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது.

"இதுல பேசிப் பதிய முடியாதா?" என்று அம்மா நீட்டிய டேப்பைக் கடைக்காரர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பொத்தான்களின் வரிசையில் ஓரிடம் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக்கால் அடைத்திருந்தது. "இதே டேப்பு ரெக்கார்டிங்கோடயும் வருதும்மா. இது விலை கொறஞ்சது, அதான் அந்த எடத்த அடச்சு விட்டுருக்கான். அடுத்த வருசம் அதத் தொறந்து, புது மாடல்ம்பான்" என்றார்.

"எடத்த விட்டுட்டு பொத்தான மட்டும் எடுத்துக்கிட்டானா?" என்றாள் அம்மா.

உள்ளே ஒரு சின்ன அறையில் மைக்கை வைத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பொத்தானை அழுத்தப் போகும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: "ராஜபாளையத்துல யாரு வீடு?" அம்மா தயங்கிச் சொன்னாள். "அட, பெரியவரு வீடா! அவுக நமக்கு ரொம்ப வேண்டியவுகல்ல!" என்று அவர் முகம் மலர்ந்தது. டேப் சுற்றத் தொடங்கியது. அம்மா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

அக்காவுக்குக் கல்யாணம் முடிந்து, அவள் கூமாப்பட்டிக்குப் போன பிறகு அத்தா லீவில் வந்தார். மூன்றாவது டேப்பை எடுத்து நீட்டி, சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இதுல பேசலாம்" என்றார். அக்கா சம்மதமில்லாமல் அழுதுகொண்டே போனது ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகத் தெரியவந்தது. "நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சோற்றுச் சட்டியை மூடினாள். "எதுல சொல்ல?" என்றாள்.

இந்த மாதிரிப் பொருள்கள் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகவே மேம்படுகின்றன என்று வளர்ந்த பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். பேட்டரி தாங்க வேண்டும், மோட்டார் சிறுக வேண்டும், அடக்கவிலை இறங்க வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், இன்னும் கண்டுபிடிக்காததை யாரால் கொடுக்க முடியும்? ஆனால் கண்டுபிடித்து, செய்து, வைக்க இடமும் விட்டு, அந்த இடத்தை அடைத்து விற்றானே, அதற்கு என்ன பெயர்? ஒரே பொருளை மூன்று தரம் வாங்க வைப்பதற்காக ஒரு வாயை இரண்டு வருஷம் அடைத்தவனை வியாபாரி என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

இன்றைக்குக் கேசட் இல்லை. பதிந்து கொடுத்த அந்தக் கடை இருந்த இடத்தில் ஃபோன் கடை. "இந்த முறை புதிதாக" என்று வாசலில் பெரிய எழுத்து. அத்தா இல்லை, பெரியத்தாவும் இல்லை. போன வாரம் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆத்திரத்தில் அக்காவுக்கு ஃபோன் போட்டு, டேப் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

"முகந்தெரியாத கம்பெனிக்காரன இம்புட்டு ஏசுதியே," என்றாள் அக்கா. "பெரியத்தா கண்ணு முன்னாலதான இருந்தாக. அவுகளை நம்ம வீட்ல யாரு ஒரு வார்த்த கேட்டீக?"