கடலுக்குள் கண்ணை மூடிய நான்

ஏழு மாதமாக என்னால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. சபையில் எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது நான் மட்டும் முழித்துக்கொண்டு நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "அந்தப் பிள்ளைக்கு பக்தி குறைஞ்சு போச்சு" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நடந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தது என் தப்பு. ஆண்டவர் செய்ததை மூடி வைக்கக் கூடாது என்று இன்றைக்கு எழுதுகிறேன்.

மும்பை தாராவியில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். செம்பூரில் ஆபீஸ் வேலை. அங்கே சிலர் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளக் கிளம்பியபோது நானும் சேர்ந்தேன். சும்மா இருக்காமல் அண்ணன் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். என் மதினிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். சின்ன வயதில் இங்கே பக்கத்தில் சுனாபட்டியில் அவர் வீட்டுக்குள் மழைவெள்ளம் கழுத்து வரை வந்திருக்கிறது. இன்றைக்கும் தலைக்குக் குளிக்கும்போது சோப்பு எரிந்தாலும் கண்ணை மூட மாட்டார். "என் பயம் எம் பிள்ளைக்கு ஒட்டிரக் கூடாது" என்றுதான் வரச் சம்மதித்தார்.

அண்ணன் தயங்கினான். நான் பெரிய வீராங்கனை மாதிரி, "நான் இருக்கேம்லா" என்றேன்.

"உன்ன நம்பித்தாம்ட்டி அனுப்புதேன்" என்றான்.

நீச்சல் குளத்தில் மூன்று வாரம் பழகினோம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை மால்வண் கடலில் இறங்கினோம். நானும் மதினியும் ஒரு ஜோடி. சொல்லிக்கொடுத்த சார் மராட்டிக்காரர். படகில் வைத்து என்னைப் பார்த்து, "ஜோடி ஸே நஜர் நஹி ஹடானே கா" என்றார். ஜோடியை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. ஆள் தவறிவிட்டால் ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே வந்துவிடு. இவ்வளவுதான் சட்டம்.

எட்டு மீட்டர் ஆழம். பச்சையாகக் கலங்கிய தண்ணீர். இரண்டு கை தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இன்னொரு ஜோடியில் ஒருவருடைய இடுப்பு எடை பெல்ட் கழன்றுவிட, எங்களை மணலில் மண்டியிட்டு இருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு சார் அந்தப் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து மதினியின் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தது. அவர் கண்கள் பெரிதாகின. மூச்சு தாறுமாறானது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவர் இரண்டு கையையும் பிடித்து, கண்ணைப் பார்த்து, நிதானமாக மூச்சுவிடச் சைகை காட்டியிருக்க வேண்டும். முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து மேலே போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் செய்வதைச் செய்தேன். அவர் தலையில் கை வைத்தேன். கண்ணை மூடினேன். "ஆண்டவரே, மதினியின் பயத்தை எடுத்துப் போடும்" என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு ஜெபம் சுருக்கமாக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மதினி என் தோளை உலுக்கினார். பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்து இன்னும் ஊக்கமாக ஜெபித்தேன். பழக்கத்தில் என் இரண்டு கையும் மேலே உயர்ந்தன. உலுக்கல் நின்றது. சமாதானம் வந்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லி ஆமென் போட்டுக் கண்ணைத் திறந்தேன்.

மதினி இல்லை.

சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிடவும் முடியாது. கடலுக்குள் அழுதால் கண்ணீரைத் துடைக்கவும் முடியாது. அண்ணனிடம் என்ன சொல்வேன்? ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே போக வேண்டும். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? அப்போது கண்ணை அகலத் திறந்துகொண்டே மனதுக்குள் கதறினேன். "ஆண்டவரே, நான் தொலைத்துவிட்டேன். நீர் கண்டுபிடித்துக் கொடும்."

ஒரு நிமிடம் முடிந்தது. மேலே போக நிமிர்ந்தேன். கலங்கலுக்குள் குமிழிகள் தெரிந்தன. பிறகு ஒரு மஞ்சள் துடுப்புக் கால். மதினி! சாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னைச் சுட்டிக் காட்டியபடி வந்தார். அவர் கண்ணாடிக்குள் பாதி வரை தண்ணீர். மூவரும் சேர்ந்து மெதுவாக மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் மதினி என் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஏட்டி, நல்லா இருக்கியா? கண்ணு மூடிருச்சு, தலை தொங்கிருச்சு, கை ரெண்டும் மிதக்கு. உலுக்குனா அசைய மாட்டேங்க. மயங்கிட்டன்னு நெனச்சு சாரக் கூப்பிடப் போனேன்."

"மதினி, நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"கடலுக்குள்ள யாருட்டி கண்ண மூடி ஜெபம் பண்ணுவா, மூதி!" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

பிரியமானவர்களே, நான் கேட்டது என்ன? மதினியின் பயத்தை எடுத்துப் போடும் என்றுதானே? நான் ஆமென் சொல்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது. குளியலறைத் தண்ணீருக்கே பயந்தவர், கண்ணாடிக்குள் தண்ணீரோடு, ஒன்றும் தெரியாத கடலில் எனக்காகத் தனியாகப் போனார். திரும்பியும் வந்தார். என் பெருமையைப் பார்த்து ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை.

ஆனாலும் அந்த ஒரு நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை. அடுப்பில் குக்கர் உஸ்ஸென்று ஆவி விட்டால் கடலுக்குள் கேட்ட என் மூச்சு ஞாபகம் வருகிறது. கண்ணை மூடினால் அதே பச்சை. அதில் மதினி இல்லை. அதனால்தான் சபையில் முழித்துக்கொண்டு நிற்கிறேன். யாருக்காக ஜெபிக்கிறேனோ அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிறேன். முன்பு வாயால் மட்டும் ஜெபித்தேன் என்று இப்போது புரிகிறது.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அரைகுறையாகக் கேட்டாலும் கேட்கிறவர் அவர். கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போன ஞாயிறு போதகர் "ஜெபிப்போம்" என்றபோது வழக்கம்போல் முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மதினி என் கையைப் பிடித்தார். காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்.

"நீ மூடிக்கோட்டி. நான் முழிச்சிருக்கேன்."

மூடினேன். பச்சைத் தண்ணீர் வந்தது. மதினியின் கை என் கைக்குள்ளேயே இருந்தது.