இடப்பக்க இருக்கையிலிருந்து: பழைய ஜீப்பில் ஹலிபக்ஸ் முதல் ஸ்காபரோ வரை

இந்த 2000ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் நானும் என் கணவர் நேசனும் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிபக்ஸ் துறைமுகத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோ வரை, ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றர், ஒரு பழைய ஜீப்பில் வந்து சேர்ந்தோம். இங்கிலாந்தில் ஓடி, கப்பலில் வந்த வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும் எந்த வண்டிக்கும் எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஜீப்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருக்கும் மூன்று பேர் தொலைபேசியில் ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகவும் இனிக் கேட்கப்போகிறவர்களுக்காகவும் இந்தக் குறிப்பு.

நேசன் பன்னிரண்டு வருடமாக விமான நிலைய டாக்சி ஓட்டுகிறார். பின்னால் இருப்பவர் சொல்லும் இடத்துக்கே போய்வந்த மனிதருக்கு, தான் நினைத்த இடத்துக்கு ஒருமுறை ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசை. அந்த இடம் கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகோனின் வடக்கே, தார் முடிந்து சரளைக்கல் தொடங்கும் சாலை. எங்கள் காரை அங்கே கொண்டுபோக முடியாது. புதிய ஜீப் எங்கள் கைக்கு எட்டாது. வேறு நாட்டுக்கென்று செய்யப்பட்ட வண்டி பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால், கனடாவின் விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே உள்ளே கொண்டுவரலாம் என்பதை எங்கோ வாசித்தார். லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி இரண்டு வாரத்தில் ஒரு டீசல் ஜீப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் இரசாயனம் படித்தவள். தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. பார்க்காத ஒன்றை நல்லது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஓர் ஒப்பந்தம் செய்தோம். துறைமுகத்திலிருந்து வீடுவரை இருவரும் ஓட்டிப் பார்ப்பது. வந்து சேர்ந்தபின் நான் வேண்டாம் என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். ஓம் என்றால் ஓகஸ்ட்டில் யூகோன். அவர் யோசிக்காமலே சம்மதித்தார்.

"ஸ்ரியறிங் வலப்பக்கம் எண்டால் எங்களுக்கென்ன புதுசே? நாங்கள் ஓடப் பழகினதே அதிலைதானே. வெள்ளைக்காரன்தான் பயப்பட வேணும்," என்றார்.

ஹலிபக்ஸுக்கு விமானத்தில் போனோம். சுங்கத்தில் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. வண்டியின் அடியைப் பார்க்க வந்த விவசாய அதிகாரிதான் தடுத்தார். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது. அவர் டோர்ச் அடித்துப் பார்த்த இடத்தில், பின்சக்கரத்துக்கு மேலே, இங்கிலாந்தின் சேறு காய்ந்து அப்பியிருந்தது. நேசன் அங்கிருந்தே தம்பியை அழைத்தார்.

"அண்ணை, நான் கழுவித்தானே ஏத்தினனான்!" என்ற குரல் எனக்கே கேட்டது.

"படம் எடுக்கிற பக்கத்தைக் கழுவியிருக்கிறாய். அடியிலை ஆர் கழுவுறது, கப்பல்காரனோ?"

நீராவியால் கழுவும் இடத்தைத் தேடி, கழுவி, மீண்டும் காட்டி, வண்டியை ஓட்டத் தற்காலிக அனுமதி கையில் கிடைத்தபோது பகல் பாதி போய்விட்டது. நியூ பிரன்ஸ்விக் எல்லைக்கு நாங்கள் வந்தது பின்னேரம்.

அங்கேதான் உண்மையான பரீட்சை தொடங்கியது. மொங்டனைக் கடந்தால் பெருஞ்சாலையின் நீண்ட பகுதி போக ஒரு வழி, வர ஒரு வழி. கனடாவில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ஓட்டுபவரும் வலப்பக்கத்தில் இருந்தால் நடுக்கோடு அவருக்குத் தூரம். முன்னால் ஒரு லொறி போனால் அவருக்குத் தெரிவது லொறியின் முதுகும் ஓரத்துப் புல்லும் மட்டும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கக் கூடியவர் இடப்பக்கத்தில் இருப்பவர்தான். அதாவது நான்.

படகு ஒன்றை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போன ட்ரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

"பாரும், போகலாமோ?"

நான் பார்த்தேன். சாலை ஒரு மேட்டில் ஏறி மறைந்தது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது?

"என்ன, சோதினைப் பேப்பரே திருத்துறீர்? ஓமோ இல்லையோ?"

"பொறுங்கோ," என்றேன்.

அவர் பொறுக்கவில்லை. வண்டியின் மூக்கை வெளியே நீட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்குச் சாலை தெரிவதற்குள் வண்டியின் பாதி எதிர்ப்பாதையில் இருந்தது. மேட்டின் மேலே ஒரு வான் முளைத்தது. பிரேக்கை மிதித்து மீண்டும் ட்ரக்கின் பின்னால் ஒடுங்கினோம். வானின் ஹோர்ன் எங்களைக் கடந்து நெடுந்தூரம் போனது. பிளாஸ்கிலிருந்த தேநீர் என் காலடியில் ஓடியது.

"பன்ரண்டு வருஷமா ஓடுறன்," என்றார். அது என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

"அந்தப் பன்ரண்டு வருஷமும் உங்களுக்கு ரோட்டுத் தெரிஞ்சுது."

வண்டியை விற்பது என்று அந்த இடத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். சொல்லவில்லை. வீடுவரை என்றுதானே பேச்சு.

இருட்டத் தொடங்கியபோது ஒரு பொலிஸ்காரர் மறித்தார். இங்கிலாந்தின் முன்விளக்குகள் இடப்பக்க ஓரத்தைப் பார்க்கும்படி அமைந்தவை. இங்கே அவை எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பொலிஸ்காரர் வழக்கம்போல இடப்பக்க யன்னலுக்கு வந்து, கையில் பாதி கடித்த மீன் ரோல்ஸுடன் இருந்த என்னிடம் லைசென்ஸ் கேட்டார். கேட்டபின்தான் எனக்கு முன்னால் ஸ்ரியறிங் இல்லாததைக் கண்டார். அப்பால் இருந்த நேசன் கையை உயர்த்தி, தான்தான் குற்றவாளி என்றார். மனிதர் சிரித்துவிட்டார். விளக்குக் கண்ணாடியின் ஒரு பகுதியில் கறுப்பு நாடா ஒட்டும்வரை நின்று பார்த்து, அடுத்த ஊரிலேயே தங்கச் சொல்லி அனுப்பினார். மோட்டல் அறை நாற்பத்தெட்டு டொலர், சூடான தண்ணீர் தாராளமாக.

மறுநாள் காலை நான் ஓட்டுகிறேன் என்றேன். முதல் நாள் நடந்தபின் ஸ்ரியறிங்கை இன்னொருவர் கையில் விட எனக்கு மனமில்லை. எட்மண்ட்ஸ்டனில் டீசல் நிரப்பினோம். கியூபெக் எல்லை தாண்டியதும் சாலை காடும் ஏரியுமாக மாறியது. ஒரு கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு மீண்டும் சாலைக்கு ஏறினேன். வெறிச்சோடிய சாலை, நல்ல வெயில். வலப்பக்க இருக்கையில், இடது கையால் கியர் மாற்றிக்கொண்டு போவது அன்றைய காலையில் எனக்கு மிக இயல்பாக இருந்தது. மிகவும் இயல்பாக.

"இஞ்ச," என்றார் நேசன். குரல் உயரவில்லை. "எனக்குப் புல்லுத் தெரியுது."

எனக்கு விளங்கவில்லை.

"நடுக்கோடெல்லோ என்ரை பக்கம் இருக்கவேணும்? எனக்குப் பள்ளமும் புல்லும் தெரியுது. மெல்ல வலப்பக்கம் எடும்."

யாழ்ப்பாணத்தில் ஓட்டியதுபோல நான் இடப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். பத்து வருடம் இந்த நாட்டில் கார் ஓட்டியவள். இடப்பக்கம் இருந்து ஓட்டியவரை எல்லாம் சரியாக இருந்தது. வலப்பக்கத்தில் உட்கார்ந்ததும் கையும் காலும் பழைய நாட்டுக்குப் போய்விட்டன. வலப்பக்கம் மாறி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, வளைவில் மரம் ஏற்றிய லொறி ஒன்று வந்து எங்களைக் கடந்தது. மரப்பட்டை வாசம் யன்னலால் உள்ளே வந்தது.

வெள்ளைக்காரன்தான் பயப்பட வேண்டும் என்ற வாதம் அத்துடன் முடிந்தது. உண்மையில் இந்தத் தவறை அவன் செய்யவே மாட்டான்.

அவர் குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். ரிவியே-டு-லூ வரை ஒரு வார்த்தை இல்லை. அங்கே நிறுத்தியதும் நானே கேட்டேன்.

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் நேற்றையான் வான் கதையையும் எடுப்பீர்," என்றார். பிறகு, "நீர் இந்தப் பக்கம் வாரும். நான் ஓடுறன். நீர் சொல்லாமல் போகமாட்டன்."

சென் லோரன்ஸ் ஆற்றின் கரையோரமாகப் போகும் பழைய சாலையை வேண்டுமென்றே எடுத்தோம். பெருஞ்சாலையில் போயிருந்தால் அவர் பொறுப்பாரா என்பது எனக்குத் தெரியவந்திராது. அரை மணித்தியாலத்தில் வைக்கோல் ஏற்றிய ட்ரக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்ன?"

"பொறுங்கோ."

பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்தன. ஒருவன் ஹோர்ன் அடித்தான். இன்னொருவன் எங்களையும் ட்ரக்டரையும் ஒரேயடியாகக் கடந்து, போகும்போது கையால் ஏதோ காட்டினான். விமான நிலையத்து வரிசையில் யாரும் தன்னை முந்த விடாத மனிதர் ஸ்ரியறிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"வளைவு. பொறுங்கோ."

"சரி. வைக்கோல் நல்ல வாசமாத்தான் இருக்குது."

ஒரு தேவாலயம் கடந்தது, பிறகு ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் சாலை நேராக, வெறுமையாகக் கிடந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

"போகலாம்."

"வடிவாப் பாத்தீரோ?"

"வடிவாப் பாத்தன்."

அவர் தலையை நீட்டிப் பார்க்கவில்லை. கியரை மாற்றி நேரே போனார். ட்ரக்டர்காரர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அன்று மாலை கியூபெக் நகரம் வருமுன் அப்படி ஏழெட்டு வண்டிகளைக் கடந்திருப்போம். அதைவிடக் கூடுதலான தடவை நான் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் மொன்ரியல் வழியாக ரொறன்ரோ வரை முழுவதும் அகலச் சாலை. எழுத ஒன்றுமில்லை. தொண்ணூறைத் தாண்டினால் இரைச்சலில் உள்ளே பேச முடியாது. ஸ்காபரோவின் வோபர்னில் எங்கள் கட்டடத்தின் தரிப்பிடத்தில் நிறுத்தியபோது மாலை ஆறு மணி. நேசன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் இருந்தார். என் முடிவைக் கேட்கவும் இல்லை.

கீழ்வீட்டு அன்ரன் அண்ணை, மன்னார்க்காரர், செருப்போடு ஓடி வந்தார்.

"உது என்ன நேசன், ஆமிக்காரனிட்டைப் பறிச்சுக்கொண்டு வந்தனீரே?" சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். "விக்கிறதெண்டால் எனக்குத் தாரும். மீன்பிடிக்கப் போக நல்ல சாமான்."

நேசன் என்னைப் பார்த்தார்.

"மீனுக்கு நீங்கள் தனியத்தானே போறனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். மனிசி ஏன் வாறா?"

"அப்ப உது சரிவராது. இடப்பக்கத்திலை ஓராள் வேணும்."

"இவருக்கு மட்டும் ஆள் இருக்கோ?"

"திங்கட்கிழமை ஓகஸ்ட் லீவுக்கு எழுதிக் குடுக்கிறன்," என்றேன்.

நேசன் இறங்கிப்போய் பொனற்றைத் திறந்தார். உள்ளே பார்க்க எதுவும் இருக்கவில்லை. திரும்ப மூடினார்.

இனி, இப்படி வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு. பதினைந்து வயது என்பது வண்டி செய்யப்பட்ட மாதத்திலிருந்து கணக்கு, முதலில் பதிவான நாளிலிருந்து அல்ல. கதவோரத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பகுதியைக் கப்பலில் ஏற்றுமுன் நீராவியால் கழுவச் செய்யுங்கள், கழுவியதைப் படமாகக் கேளுங்கள், தம்பியாக இருந்தாலும். முன்விளக்குகளை மாற்ற வேண்டும். ஒன்ராறியோவின் பாதுகாப்புப் பரிசோதனையில் எங்களுக்கு அதற்கும் இரண்டு ரயருக்கும்தான் செலவு. பயண டீசல் நூற்றிருபது டொலருக்குள் முடிந்தது. இன்சூரன்ஸை வண்டி வாங்குமுன் பேசி முடியுங்கள். எங்களுக்கு நாலாவது முகவர்தான் சம்மதித்தார்.

இலங்கையிலோ இந்தியாவிலோ ஓட்டப் பழகியவர்கள் வெறுஞ்சாலைக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு "வலப்பக்கம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் இப்போது சொல்கிறோம், சேர்ந்து.

பக்கத்து இருக்கைக்கு உங்களைவிடக் கண் நல்ல ஆளைத் தேட வேண்டாம். உங்களைப் பொறுக்கச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். அவர் சொன்னால் நீங்கள் பொறுப்பீர்களா என்பதை, தம்பி அனுப்பும் வண்டிப் படங்களைப் பார்க்குமுன்பே யோசித்துவிடுங்கள்.