சுகம் என்று எழுதிய சீட்டு

என் கல்யாணம் ஒரு டாக்டர் சீட்டினால் நடந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு என்மேல் வருகிற ஆத்திரம் குறையவில்லை.

யுத்தம் இன்னும் முடியாத சமயம். என் அண்ணன் பர்மாச் சண்டையில் காயம்பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, சங்கரன்கோவிலுக்கு லீவில் வந்திருந்தான். தோளில் குண்டுச் சிதறல் பட்ட இடம் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை. பாத்திரம் ஏதாவது கீழே விழுந்தால் போதும், பக்கத்தில் நிற்கும் என்னைத் தரையில் தள்ளி, என் தலையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேலே கவிழ்ந்துவிடுவான். சத்தம் அடங்கிய பிறகும் கையை எடுக்க மாட்டான். என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

சித்தம் கலங்கியவர்களை எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்குக் கூட்டிவந்து, புத்தி தெளியும் என்று அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் குழியில் உட்காரவைப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. அம்மா அவனை ஒரு நாள்கூட அங்கே கூட்டிப்போகவில்லை. உள்ளூர்க்காரர்கள் பார்த்துவிடுவார்களே! வாசுதேவநல்லூரில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்ற பேச்சு அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

அப்போதுதான் பாளையங்கோட்டையில் பட்டாளத்து டாக்டர் முன்னால் வந்து நிற்கும்படி அண்ணனுக்குக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு அது சாமி காட்டிய வழியாகத் தெரிந்தது. டாக்டரே சுகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

அவனைப் பழக்கினோம். அந்த வார்த்தைதான் சரி, வண்டி மாட்டைப் பழக்குகிற மாதிரிதான். நான் முக்காலியில் டாக்டராக உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா, பயம் இருக்கிறதா என்று கேட்பேன். அவன் விறைப்பாக நின்று பதில் சொல்லும்போது, அவன் முதுகுக்குப் பின்னால் அம்மா செம்பைக் கீழே போடுவாள். அடுத்த நாள் சருவச்சட்டி. கடைசியில் பித்தளைக் குடம். நான்காம் நாள் குடம் உருண்டபோது அவன் அசையவில்லை. சட்டை மட்டும் வேர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"எம்புள்ள தேறிட்டாம்லா!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினேழு வயதுக் கழுதை நான்.

பாளையங்கோட்டையில் அம்மாவும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் தமிழர்தான், நல்ல மனிதர்.

"பயப்படாம உள்ளதைச் சொல்லுப்பா. ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சு வைத்தியம் பார்க்கலாம். இதுல கேவலம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அண்ணன் கதவு வழியாக என்னை ஒருமுறை பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில்.

சீட்டை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். வாசுதேவநல்லூர்க்காரர்கள் அதை இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத் தேதி குறித்தார்கள். மறுவாரமே பட்டாளத்துக்குத் திரும்பும்படி அண்ணனுக்கு உத்தரவு வந்தது.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "சுகம்னுதானலே எழுதிருக்கு? பெறகு எதுக்குக் கூப்பிடுதான்?"

"சுகமானவனைத்தாம்மா கூப்பிடுவான்" என்றான்.

ரயில் ஏறுவதற்கு முன் நான் அவனைத் தனியாகக் கேட்டேன். "ஒனக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்ட்டி. ரெண்டு தடவை கேட்டாருல்லா, ரெண்டு தடவையும் வாய் வரைக்கும் வந்துட்டு. நீ வெளிய உக்காந்திருந்த."

அப்போதும் நான் போகாதே என்று சொல்லவில்லை. அவன் திரும்பி வரவே இல்லை.

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து மணையில் இருந்தபோது, சமையல் பக்கம் யாரோ அண்டாவைக் கீழே போட்டுவிட்டார்கள். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கை வருவதற்காகக் காத்திருந்தேன்.

"பொண்ணுக்கு என்னா வெக்கம் பாரு" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி மெச்சிக்கொண்டாள்.